மலச்சிக்கல்: தசைக்கும் பயிற்சி வேண்டும்

நாள்பட்ட மலச்சிக்கலோடு மருத்துவரிடம் போகிறவரிடம் சில கேள்விகள் தவறாமல் கேட்கப்படும். தண்ணீர் எவ்வளவு குடிக்கிறீர்கள்? கீரை, காய்கறி சேர்த்துக்கொள்கிறீர்களா? எத்தனை நாளுக்கு ஒருமுறை போகிறீர்கள்? எல்லாமே தேவையான கேள்விகள்தாம். இவற்றோடு கேட்டாக வேண்டிய இன்னொன்று பெரும்பாலும் விட்டுப்போகிறது: முக்கும்போது உங்கள் ஆசனவாய் திறக்கிறதா, இறுகுகிறதா?

கேட்டாலும் நோயாளிக்குப் பதில் தெரியாது. திறக்கிறது என்றே நம்பிக்கொண்டிருப்பார். ஆனால், பெரிய மருத்துவமனைகளின் குடல்நோய்ப் பிரிவுக்கு வரும் நாள்பட்ட மலச்சிக்கல் நோயாளிகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினருக்கு முக்கும் நேரத்தில் அந்தத் தசை இறுகுகிறது. அல்லது தளராமல் அப்படியே நிற்கிறது. உள்ளே தாழ்ப்பாளைப் போட்டுவிட்டுக் கதவைத் தோளால் இடிக்கும் நிலை இது. இவர்களுக்குக் குடலில் அடைப்பு இல்லை, கட்டி இல்லை. கோலனோஸ்கோபி செய்தால் ‘நார்மல்’ என்று அறிக்கை வரும். அந்த அறிக்கையைப் பார்த்துவிட்டு வீட்டில் இருப்பவர்கள் ‘எல்லாம் மனசுதான்’ என்பார்கள். கழிப்பறைக்குள் அரை மணி நேரம் வியர்த்துப்போய் உட்கார்ந்திருப்பவருக்கு அதைவிடப் பெரிய வேதனை வேறில்லை.

இத்தகையவர்களுக்கு முதலில் தர வேண்டிய சிகிச்சை இடுப்புத்தளத் தசைகளுக்கான பிசியோதெரபி. உலகம் முழுக்க மருத்துவ வழிகாட்டு நெறிகள் இதை ஏற்றுக்கொண்டு பல ஆண்டுகள் ஆகின்றன. தமிழ்நாட்டில் மாவட்டத் தலைமை மருத்துவமனைக்குப் போகும் ஒரு சாதாரண நோயாளி கேட்டுப் பெறக்கூடிய சிகிச்சையாக அது இன்னும் ஆகவில்லை. ஆக வேண்டும் என்பதற்காகவே இந்தக் கட்டுரை.

இடுப்பெலும்புக் கூட்டின் அடிப்பக்கத்தை மூடியிருப்பவை இடுப்புத்தளத் தசைகள். சிறுநீர்ப்பை, கருப்பை, மலக்குடல் மூன்றையும் கீழிருந்து தாங்குகின்றன. அவற்றில் ‘ப்யூபோரெக்டாலிஸ்’ என்ற தசையைத் தனியே அறிந்துகொள்வது நல்லது. அடிவயிற்றுக்குக் கீழே முன்பக்கம் தட்டுப்படும் எலும்பிலிருந்து அது புறப்பட்டு, மலக்குடலின் பின்பக்கமாகச் சுற்றி, மறுபடி அதே எலும்பில் வந்து சேர்கிறது. சாதாரண நேரத்தில் மலக்குடலை முன்னோக்கி இழுத்து, ஏறக்குறைய 90 பாகைக்கு வளைத்து வைத்திருக்கிறது. நாம் இருமும்போதும் சிரிக்கும்போதும் மலம் கசியாமல் இருப்பதற்கு அந்த வளைவும் ஒரு காரணம். மலம் கழிக்க உட்காரும்போது இந்தத் தசை தளர வேண்டும், வளைவு நிமிர வேண்டும், ஆசனவாயின் வெளிச்சுருக்குத் தசையும் கூடவே விட்டுக்கொடுக்க வேண்டும், அதே கணத்தில் வயிற்றுக்குள் அழுத்தம் உயர வேண்டும். இத்தனையும் ஒத்திசைந்து நடப்பது நமக்குத் தெரிவதே இல்லை. கெட்டுப்போகும்போதும் தெரிவதில்லை என்பதுதான் சிக்கல்.

1985-இல் லண்டன் செயின்ட் மார்க்ஸ் மருத்துவமனையின் பிரெஸ்டனும் லெனார்ட்-ஜோன்ஸும் இந்தக் கோளாற்றை விவரித்து எழுதினார்கள். பின்னர் அமெரிக்காவில் பணியாற்றும் சதீஷ் ராவ் இதை நான்கு வகைகளாகப் பிரித்துக் காட்டினார். சிலருக்கு வயிற்றழுத்தம் சரியாக இருக்கும், தசை இறுகும். சிலருக்கு அழுத்தமே போதாது, தசையும் தளராது. ‘டிஸ்சினர்ஜியா’ என்று இன்று மருத்துவர்கள் குறிப்பிடுவது இதைத்தான்.

இந்த ஒத்திசைவு ஏன் குலைகிறது? சதீஷ் ராவின் குழு தம்மிடம் வந்த நோயாளிகளிடம் விசாரித்தபோது, ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினருக்குச் சிறுவயதிலேயே பிரச்சினை தொடங்கியிருந்தது. இன்னொரு பகுதியினருக்குப் பிரசவம், முதுகில் அடி போன்ற ஏதோவொரு நிகழ்வுக்குப் பிறகு வந்திருந்தது. எஞ்சியவர்களுக்குக் காரணம் சொல்லத் தெரியவில்லை. நம் ஊரில் இதைப் படிக்கும் எவருக்கும் பள்ளிக் கழிப்பறைகள் நினைவுக்கு வரும். தண்ணீர் இல்லாத, தாழ்ப்பாள் இல்லாத கழிப்பறைக்குப் போகப் பயந்து, காலை எட்டு மணி முதல் மாலை ஐந்து மணி வரை அடக்கிக்கொண்டிருக்கும் பெண் குழந்தை தன் தசைக்கு இறுக்கத்தை மட்டுமே பழக்குகிறாள். அடக்க அடக்க மலம் உலர்ந்து கெட்டிப்படுகிறது. கெட்டியான மலம் போகும்போது வலிக்கிறது. வலித்தது என்பதால் மறுநாள் இன்னும் அடக்குகிறாள். ஆசனவாய் வெடிப்பு வந்துவிட்டால் இந்தச் சுழல் பெரியவர்களையும் விடாது.

கடைகளில் நாள் முழுக்க நின்றபடி வேலை பார்க்கும் ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாடு 2021-இல் சட்டம் திருத்தியது. மிக நல்ல திருத்தம். அவர்களில் பெண்களுக்கு வேலை நேரத்தில் எத்தனை முறை கழிப்பறைக்குப் போக முடிகிறது என்ற கேள்வியையும் அதோடு சேர்த்துக் கேட்டிருக்கலாம். மலம் வரும் உணர்வைத் தொடர்ந்து தட்டிக்கழித்தால் நாளடைவில் மலக்குடல் அந்த உணர்வையே மங்கலாக அனுப்பத் தொடங்குகிறது.

மனச்சுமைக்கும் இதில் பங்குண்டு. இலங்கையில் குழந்தைகளின் மலச்சிக்கலை நீண்டகாலமாக ஆராய்ந்துவரும் ஷமன் ராஜிந்திரஜித், நிரங்கா தேவநாராயண ஆகியோரின் ஆய்வுகள், போர் பாதித்த பகுதிகளில் வாழ்ந்த பிள்ளைகளிடம் மலச்சிக்கல் கூடுதலாக இருந்ததைக் காட்டின. பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களிடம் இடுப்புத்தளத் தசைக் கோளாறுகள் அதிகம் காணப்படுவதும் பல நாடுகளில் பதிவாகியிருக்கிறது. ‘எல்லாம் மனசுதான்’ என்று தள்ளிவிடுவதற்கான சான்று அல்ல இது. பயந்த உடல் இறுகுகிறது; அந்த இறுக்கம் தசையில் இருக்கிறது; தசைக்குச் சிகிச்சை உண்டு.

மருந்துக் கடையில் நிற்கும் தீர்வு

மலமிளக்கி நமக்குப் புதிதல்ல. நிலாவாரை இலை உலகச் சந்தையில் இன்றும் திருநெல்வேலியின் பெயராலேயே அறியப்படுகிறது. தென்மாவட்டக் கரிசல் மண்ணில் விளைந்து கப்பலேறிய சரக்கு அது. கடுக்காய்ப் பொடி, திரிபலா, விளக்கெண்ணெய், இப்போது இசப்கோல், லாக்டுலோஸ். இவை வேலை செய்யும் மருந்துகள், தேவையானவர்களுக்குத் தேவையானவை. ஆனால், இவை எல்லாம் மலத்தை இளக்கும் அல்லது குடலை நகர்த்தும். இறுகிக் கிடக்கும் தசைக்கு இவை எதையும் கற்றுத் தருவதில்லை.

நார்ச்சத்து விஷயமும் அப்படித்தான். 1997-இல் ஜெர்மனியில் 149 நோயாளிகளுக்கு நார்ச்சத்து கொடுத்துப் பார்த்த ஆய்வில், குடலியக்கத்திலோ மலம் வெளியேற்றுவதிலோ கோளாறு ஏதும் இல்லாதவர்களில் 85 சதவீதத்தினர் குணமடைந்தார்கள் அல்லது தேறினார்கள். வெளியேற்றும் தசைகளில் கோளாறு இருந்தவர்களில் 63 சதவீதத்தினருக்குப் பயனே இல்லை. இந்த இரண்டாம் வகை நோயாளியிடம்தான் ‘இன்னும் கொஞ்சம் கீரை சாப்பிடுங்கள்’ என்று ஒவ்வொரு முறையும் சொல்லி அனுப்புகிறோம். அவரும் சாப்பிடுகிறார். வயிறு உப்புகிறது. தன்மேல்தான் தவறு என்று நினைத்துக்கொள்கிறார்.

பேருந்து நிலையச் சுவர்களில் ‘மூலம், பௌத்திரம்’ விளம்பரம் ஒட்டாத ஊர் தமிழ்நாட்டில் கிடையாது. ஆசனவாயில் எது நேர்ந்தாலும் மூலம் என்று பெயர் வைத்துக்கொள்ளும் பழக்கமும் அதனால் வேர்விட்டிருக்கிறது. ஆண்டுக்கணக்கில் முக்கினால் மூலம் வரும், வெடிப்பு வரும், சிலருக்கு மலக்குடலே வெளியே பிதுங்கும். அறுவைச் சிகிச்சை சிலருக்குத் தவிர்க்க முடியாததுதான். ஆனால், அறுவைக்குப் பிறகும் அதே தவறான முறையில் முக்கிக்கொண்டிருந்தால் பழைய தொல்லை திரும்பி வர வழி திறந்தே இருக்கிறது. அறுவைக்குச் சீட்டு எழுதும் முன் தசை எப்படி இயங்குகிறது என்று பார்ப்பது மருத்துவரின் கடமை என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

பயிற்சி எந்த அளவுக்குப் பயன் தரும்? 2006-இல் இத்தாலியின் ஜூசெப்பே கியாரியோனி, அமெரிக்காவின் வில்லியம் வைட்ஹெட் ஆகியோரின் குழு, டிஸ்சினர்ஜியா உறுதிசெய்யப்பட்ட 109 பேரை இரு பிரிவாக்கியது. ஒரு பிரிவுக்கு வாரம் ஒன்றாக ஐந்து முறை ‘பயோஃபீட்பேக்’ பயிற்சி. மற்றப் பிரிவுக்குப் பாலிஎத்திலீன் கிளைக்கால் என்ற மலமிளக்கி. ஆறு மாதம் கழித்துப் பெரிய முன்னேற்றம் கண்டவர்கள் பயிற்சிப் பிரிவில் 80 சதவீதம், மருந்துப் பிரிவில் 22 சதவீதம். இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகும் பயிற்சியின் பலன் நிலைத்திருந்தது. அடுத்த ஆண்டு ஸ்டீவ் ஹேமன் குழு தசையைத் தளர்த்தும் டயசிபாம் மாத்திரையோடும் வெற்று மாத்திரையோடும் ஒப்பிட்டுப் பார்த்தது. பயிற்சி 70 சதவீதத்தினருக்கு நிவாரணம் தந்தது; டயசிபாம் 23 சதவீதத்தினருக்கு மட்டுமே. தசையைப் பொதுவாக மயங்கச் செய்வது வேறு, எந்த நேரத்தில் தளர வேண்டும் என்று அதற்குக் கற்பிப்பது வேறு. 2018-இல் இந்தியக் குடல்நோய் வல்லுநர்கள் வெளியிட்ட கூட்டு நிலைப்பாட்டு அறிக்கையும் இத்தகைய நோயாளிகளுக்கு இந்தப் பயிற்சியைப் பரிந்துரைக்கிறது.

பயிற்சி அறையில்

பலரைத் தடுப்பது அச்சம்தான். உள்ளே என்ன செய்வார்களோ என்ற அச்சம். ஆகவே இதை விரிவாகச் சொல்வது அவசியம்.

முதல் நாள் பெரும்பகுதி பேச்சிலேயே போய்விடும். எப்போது போகிறீர்கள், எவ்வளவு நேரம் உட்கார்கிறீர்கள், முழுதாகப் போன திருப்தி உண்டா, விரலால் அழுத்தியோ எடுத்தோதான் போக வேண்டியிருக்கிறதா என்று கேட்பார்கள். கடைசிக் கேள்விக்கு ‘ஆமாம்’ என்று சொல்ல நேரும் பெண்கள் கூனிக்குறுகுவார்கள். வெட்கப்பட எதுவுமில்லை, நோயைக் கண்டுபிடிக்க மருத்துவருக்கு மிக உதவும் பதில் அது. மலத்தின் தன்மையை ஏழு வகையாகக் காட்டும் பிரிஸ்டல் அட்டையைக் காட்டி உங்களுடையது எது என்று கேட்பார்கள். இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். வாரத்துக்கு மூன்று முறைக்குக் குறைவாகப் போவதுதான் மலச்சிக்கல் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. தினமும் போகிறவருக்கும் மலச்சிக்கல் இருக்கலாம். 2016-இல் வகுக்கப்பட்ட ரோம் அளவுகோல் முக்குவதையும், கெட்டியான மலத்தையும், முழுதாகப் போகாத உணர்வையும், அடைத்துக்கொண்ட உணர்வையும் சேர்த்தே கணக்கில் எடுக்கிறது.

பிறகு மூச்சு. வயிற்றில் கைவைத்து மூச்சிழுக்கச் சொல்வார்கள். முக்கச் சொன்னால் நம்மில் பலர் மூச்சைப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்து, வயிற்றை உள்ளே இழுத்து, பிட்டத்தையும் சேர்த்து இறுக்குகிறோம். நடக்க வேண்டியது இதற்கு நேர்மாறானது. வயிறு முன்பக்கமும் விலாப்பக்கமும் விரிய வேண்டும், வாய் லேசாகத் திறந்திருக்க வேண்டும், கீழே தளம் இறங்க வேண்டும்.

பயோஃபீட்பேக் என்பது இதைக் கண்ணால் காட்டும் ஏற்பாடு. ஆசனவாயில் சிறு உணர்கருவி ஒன்றை வைத்துத் தசையின் இறுக்கத்தைத் திரையில் கோடாகக் காட்டுவார்கள். முக்கும்போது கோடு கீழே இறங்க வேண்டும். டிஸ்சினர்ஜியா உள்ளவர்களுக்கு மேலே ஏறும். உடம்பின் உள்ளே நடப்பதைத் திரையில் பார்த்தபடியே கோட்டைக் கீழே இறக்கப் பழகுகிறார் நோயாளி. சிறு பலூனில் வெதுவெதுப்பான நீரை நிரப்பி உள்ளே வைத்து, அதை வெளியேற்றவும் பழக்குவார்கள். உணர்வு மங்கியவர்களுக்கு அந்தப் பலூனில் காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, எப்போது உணர்கிறீர்கள் என்று கேட்டுக் கேட்டு உணர்வையும் மீட்டெடுப்பார்கள். வழக்கமாக ஐந்தாறு அமர்வுகளில் முடிந்துவிடும்.

வீட்டுக்குச் சில பாடங்கள் உண்டு. காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு குடல் தானாகவே அசையும். அந்த அரை மணி நேரத்துக்குள் போய் உட்காருவது. பத்து நிமிடத்துக்குமேல் உட்காராமல் எழுந்துவிடுவது. கைப்பேசியை வெளியே வைப்பது. மேற்கத்தியக் கழிப்பறையானால் காலுக்குக் கீழே முக்கால் அடி உயரப் பலகை போட்டு, முழங்கால் இடுப்பைவிட உயர்ந்திருக்க, முன்னே சாய்ந்து உட்காருவது. குந்தி உட்காரும்போது மலக்குடலின் வளைவு இன்னும் நிமிர்கிறது என்பது உண்மை. 2003-இல் இஸ்ரேலின் டோவ் சிகிரோவ் 28 பேரிடம் செய்த ஆய்வில் குந்தி அமர்ந்தபோது சராசரியாக 51 நொடியில் வேலை முடிந்தது. வழக்கமான உயரக் கழிப்பறையில் 130 நொடி ஆனது. அதற்காக, மூட்டு தேய்ந்த பாட்டியைக் குந்தச் சொல்லக் கூடாது. பலகை போதும். குந்தும் கழிப்பறையையே பயன்படுத்தி வந்தவர்களுக்கும் டிஸ்சினர்ஜியா வரும் என்பதையும் மறக்கலாகாது.

யூடியூபில் ‘கீகல் பயிற்சி’ பார்த்துத் தாமாகச் செய்கிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அமெரிக்க மகப்பேறு மருத்துவர் ஆர்னால்டு கீகல் 1948-இல் அதை அறிமுகப்படுத்தியது, தளர்ந்துபோன தசைக்கு வலுவேற்ற. இறுகிக் கிடக்கும் தசையை மேலும் மேலும் இறுக்கிப் பழகினால் மலச்சிக்கல் கூடும். யாருக்கு வலு வேண்டும், யாருக்குத் தளர்வு வேண்டும் என்பதைப் பரிசோதித்தே சொல்ல முடியும்.

எல்லா மலச்சிக்கலுக்கும் இது பொருந்தாது. குடலின் அசைவே மந்தமாகி, தசை சரியாக இயங்குகிறவர்களுக்கு இந்தப் பயிற்சியால் பெரிய பயனில்லை. தைராய்டு குறைபாடு, நீரிழிவு, பார்க்கின்சன் நோய், இரும்புச்சத்து மாத்திரை, சில வலிநிவாரணிகள் ஆகியவற்றால் வரும் மலச்சிக்கலுக்கு அவற்றைத்தான் கவனிக்க வேண்டும். மலத்தில் ரத்தம், காரணமில்லாத எடைக்குறைவு, ரத்தசோகை, ஐம்பது வயதுக்குமேல் புதிதாகத் தொடங்கிய மலச்சிக்கல், குடும்பத்தில் குடல்புற்று ஆகிய எதுவும் இருந்தால் முதலில் மருத்துவரைத்தான் பார்க்க வேண்டும்.

அரசு என்ன செய்யலாம்?

இதற்குப் பெரிய இயந்திரம் வாங்கினால்தான் தொடங்க முடியும் என்பதில்லை. பயிற்சி பெற்ற மருத்துவர் கையுறை அணிந்து, ஆசனவாயில் ஒரு விரலை வைத்து, நோயாளியை முக்கச் சொன்னாலே பெரும்பாலும் தெரிந்துவிடும். அப்படிச் செய்த சோதனை டிஸ்சினர்ஜியா உள்ளவர்களில் 75 சதவீதத்தினரைச் சரியாக அடையாளம் கண்டதாகச் சதீஷ் ராவ் குழுவின் 2010-ஆம் ஆண்டு ஆய்வு சொல்கிறது. அடுத்தபடி பலூன் சோதனை: 50 மில்லி நீர் நிரப்பிய பலூனை ஓரிரு நிமிடத்துக்குள் வெளியேற்ற முடிகிறதா என்று பார்ப்பது. ஒரு ரப்பர் குழாயும் பலூனும் போதும். இவை நடக்காமல் போவதற்கு, நெரிசலான புறநோயாளிப் பிரிவில் ஒரு திரைச்சீலைகூட இல்லாததும், உடன் நிற்கப் பெண் செவிலியர் இல்லாததும்தான் முக்கியக் காரணங்கள். வேண்டியது கதவுள்ள ஓர் அறை. பெண் நோயாளிக்குப் பெண் சிகிச்சையாளர், ஒவ்வொரு கட்டத்திலும் நோயாளியின் சம்மதம், எந்த நிமிடத்திலும் ‘வேண்டாம்’ என்று சொல்லும் உரிமை. இவை இல்லாமல் இந்தச் சிகிச்சையைத் தொடங்கவே கூடாது.

ஆள் பலம் நம்மிடம் இருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பிசியோதெரபிஸ்ட்டுகள் வீடு தேடிப் போகிறார்கள். பக்கவாதம் வந்தவருக்கும் மூட்டுவலிக்காரருக்கும் பயிற்சி தருகிறார்கள். படுக்கையோடு கிடக்கும் முதியவரின் வீட்டில் மலச்சிக்கல் எவ்வளவு பெரிய பாரம் என்பதை அவர்களைவிட நன்கு அறிந்தவர்கள் கிடையாது. இவர்களில் ஒரு பகுதியினருக்கு இடுப்புத்தளச் சிகிச்சையில் தனிப் பயிற்சி கொடுக்கலாம். மூச்சு, உட்காரும் முறை, நேரம், வயிற்றழுத்தம் ஆகியவற்றைக் கருவியே இல்லாமல் சொல்லித்தர முடியும். கருவி தேவைப்படுவோரை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்பலாம். ஒவ்வொரு அரசு மருத்துவக் கல்லூரியிலும் ஒரு பயோஃபீட்பேக் அறை வேண்டும் என்பது அதிகப்படியான கோரிக்கை அல்ல. சதீஷ் ராவ் குழு 2018-இல் வெளியிட்ட ஆய்வில், வீட்டிலேயே சிறு கருவியோடு பழகியவர்கள் மருத்துவமனைக்கு வந்து பழகியவர்களுக்கு இணையாகத் தேறினார்கள். தொலைவில் உள்ள கிராமத்தவருக்கு இது வழிவிடும்.

எங்கே தொடங்குவது என்று கேட்டால், பிரசவித்த பெண்களிடம் என்பேன். பிரான்சில் பிரசவத்துக்குப் பின் இடுப்புத்தளத் தசைக்கான பயிற்சி அமர்வுகள் அரசுக் காப்பீட்டின் செலவில் வழக்கமாகவே எழுதித்தரப்படுகின்றன. தமிழ்நாட்டில் 99 சதவீதத்துக்கும் மேலான பிரசவங்கள் மருத்துவமனைகளில்தான் நடக்கின்றன. ஒன்றரை மாதத் தடுப்பூசிக்குக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு தாய் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வருகிறாள். குழந்தையின் எடையைக் குறிக்கிறார்கள், ஊசி போடுகிறார்கள், அட்டையில் எழுதுகிறார்கள். அந்த அட்டையில் தாய்க்கென்று இரண்டு கேள்விகள் சேர்க்கப்பட வேண்டும்: சிறுநீரோ மலமோ கசிகிறதா? மலம் கழிக்க முக்கவோ விரலால் அழுத்தவோ வேண்டியிருக்கிறதா? ‘ஆமாம்’ என்று சொல்பவளுக்கு அன்றைக்கே பிசியோதெரபிஸ்ட்டைப் பார்க்கச் சீட்டு எழுதித்தர, கிராமச் சுகாதாரச் செவிலியருக்கு அதிகாரம் தரப்பட வேண்டும்.